கழுவுவதற்கு முன் பொலிஸுக்குச் சொல்லுங்கள்

தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் துரைக்குச் சொல்வோம், தலைவருக்குச் சொல்வோம், சொந்தக்காரருக்குச் சொல்வோம். பொலிஸுக்குத் தகவல் வருவதற்குள் வீடு கழுவி, சேலை மாற்றி, விளக்கும் ஏற்றியாகிவிடும். செத்தவருக்குச் செய்யும் மரியாதைதான். ஆனால் அடித்துக் கொன்றவனுக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

ஹட்டன் பக்கத்தில் நான் விசாரித்த ஒரு கொலை. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். காலையில் கொழுந்துக்குப் போனவர்கள், காணுக்குள் (வடிகாலுக்குள்) குப்புறக் கிடந்த ஒரு பெண்ணைத் தூக்கி வந்தார்கள். "ராத்திரி வெளிய போனவ வழுக்கி விழுந்துட்டா" என்றார் கணவர். நாங்கள் போனபோது உடலைக் குளிப்பாட்டியிருந்தார்கள். லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து) காண் வரை ஊரே நடந்து மிதித்த சேறு.

உடலைப் பரிசோதித்த சட்ட வைத்திய அதிகாரிதான் நுனியைப் பிடித்துக் கொடுத்தார். இதயம் நின்றதும் இரத்தம் உடலின் கீழ்ப்பக்கம் இறங்கித் தேங்கும். தோலில் ஊதாவாகத் தெரியும். பொதுவாக 8 முதல் 12 மணி நேரத்தில் அது நிலைத்துவிடும், பிறகு உடலைப் புரட்டினாலும் இடம் மாறாது. (நம்ம குளிரில் கணக்கு முன்பின் ஆகும், இதை மட்டும் நம்பி நேரம் சொல்ல முடியாது.) இரவெல்லாம் குப்புறக் கிடந்தவருக்கு அந்த நிறம் நெஞ்சிலும் வயிற்றிலும் இருந்திருக்க வேண்டும். இருந்ததோ முதுகில். அப்படியென்றால் வேறெங்கோ மல்லாந்து கிடந்த பிறகுதான் உடல் காணுக்குப் போயிருக்கிறது. மூச்சுக்குழாயில் சேறும் இல்லை.

வீட்டில் கழுவிய சீமெந்துத் தரையின் வெடிப்பில் கொஞ்சம் இரத்தம் மிஞ்சியிருந்தது. சேலையை உதவிக்கு வந்த ஒருவர் சவர்க்காரத்தில் ஊறப் போட்டிருந்தார். உயிர் இல்லை என்பது உறுதியானால் எதையும் தொடாதீர்கள், 119க்கு அழையுங்கள். மழை வந்தால் தடயத்தில் படாமல் மேலே ஒரு தகரத்தை நிறுத்துங்கள், போதும். ஈரத் துணியை ஷொப்பிங் பேக்கில் கட்டி வைக்காதீர்கள், புழுங்கிக் கெட்டுவிடும். நாங்கள் உலர்த்தித்தான் காகிதப் பையில் போடுவோம்.

"ஐயா, புருஷனுக்கு ரெண்டு போட்டா ஒத்துக்குவான்" என்று பெரியவர்கள் சொன்னார்கள். எல்லா ஊரிலும் சொல்வார்கள். சித்திரவதை குற்றம் என்பது ஒருபுறம். பொலிஸிடம் கொடுத்த குற்ற ஒப்புதலைச் சாட்சியாக நிரூபிக்க முடியாது என்கிறது சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. அடித்து வாங்கிய வார்த்தையால் வழக்கு நிற்காது.

வழக்கை நிலைநிறுத்தியது பக்கத்து வீட்டுப் பாட்டி. அந்த லயத்தில் நடுச்சுவர் கூரை வரை எழாது, அங்கே பேசுவது இங்கே கேட்கும். முதலில் "தூங்கிட்டேன் ராசா" என்றார். அவன் வெளியே வந்தால் தன் பேரனை என்ன செய்வானோ என்ற பயம், நியாயமான பயம். கொலை பற்றித் தெரிந்தவர் தகவல் சொல்ல வேண்டும் என்று 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் சொல்கிறது, கிராம உத்தியோகத்தரிடம் சொன்னாலும் சரி. சாட்சியை மிரட்டுவதே தனிக்குற்றம். அதற்குச் சாட்சிகளைப் பாதுகாக்கும் 2023இன் 10ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. இதைப் பொறுமையாகச் சொன்ன பிறகுதான் அவர் வாய் திறந்தார்.

வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதினாலும், உங்களுக்கு விளங்கும் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். திருத்தச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. பாட்டி திருத்தினார். இருவரும் சத்தம் போட்டதாக எழுதியிருந்தது. "அவ சத்தமே இல்ல, அவன் சத்தந்தான்" என்றார். அந்த வரியை வைத்து, திடீர்ச் சண்டையில் நடந்தது என்று எதிர்த்தரப்பு வாதாடி வென்றால், கொலைக் குற்றம் அதைவிடக் குறைந்த குற்றமாக இறங்கிவிடும். திருத்திய பிறகே அவர் பெருவிரலை வைத்தார்.