மருந்து கேட்காத கிருமியும் சாமி கும்பிடும் வாத்தியாரும்

"மருந்து கேட்கல, டாக்டர்."

நெஞ்சக நோய்ப் பிரிவில் உட்காருகிற எனக்கு இது தினமும் காதில் விழுகிற பேச்சு. கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் என்றால் "உடம்புக்கு மருந்து பழகிடுச்சு" என்பார்கள். நானும் பல வருடம் அதே பேச்சைத்தான் பேசிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு பிசகு இருக்கிறது என்று எனக்கு உறைத்தது ஓய்வுபெற்ற ஒரு வாத்தியாரால்தான். அவரை யாரும் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

அறிவியல் வாத்தியார். 30 வருட சர்வீஸ். நெற்றி நிறைய விபூதி. சட்டைப் பையிலும் ஒரு விபூதிப் பொட்டலம் எப்போதும் இருக்கும். காசநோய் என்று வந்தார். முதல் சளிப் பரிசோதனையில், காசநோய்க்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படுகிற கிருமிதான் என்று தெரிந்தது. வழக்கமான ஆறு மாத சிகிச்சை: முதல் இரண்டு மாதம் நாலு மருந்து, அப்புறம் நாலு மாதம் மூன்று மருந்து. எல்லாம் அரசு இலவசமாகவே தருகிறது. இரண்டாவது மாதம் முடிவதற்குள் இருமல் நின்றது, எடை கூடியது, முகம் தெளிந்தது. தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போனார். மாத்திரை அட்டை வீட்டிலேயே இருந்தது. திரும்பி வந்த பிறகும் ஞாபகம் வந்த நாளில் போட்டுக்கொள்வது, மற்ற நாளில் விட்டுவிடுவது என்று ஓட்டியிருக்கிறார்.

மறு வருடம் சளியில் ரத்தத்தோடு வந்தார். பரிசோதனை முடிவில் 'ரிஃபாம்பிசின் எதிர்ப்பு உண்டு' என்றிருந்தது.

"முருகன் சரி பண்ணிட்டான்னு நெனச்சேன் தம்பி" என்றார். அதை நான் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. கோயில் வாசலையே மிதிக்காதவர்களும் இருமல் நின்ற மறுநாளே மாத்திரையைத் தூக்கிப் பரணில் போடுகிறார்கள். அதற்கு பக்தி தேவையில்லை. ஆனால் அடுத்து அவர் கேட்டது சாதாரணக் கேள்வி இல்லை.

"அதே கிருமிதானே? போன வருஷம் கேட்ட மருந்து இப்ப ஏன் கேக்கல? மருந்துக்குப் பழகிடுச்சா?"

மருந்துச் சீட்டைத் திருப்பிப்போட்டுக் கணக்குப் போட்டுக் காட்டினேன். நுரையீரலில் விழுகிற ஒரு பொத்தலில் சுமார் 10 கோடிக் காசநோய்க் கிருமிகள் இருக்கலாம். கிருமி ஒன்று இரண்டாகும்போது தன் மரபணுவைப் பிரதி எடுக்கிறது. பிரதி எடுக்கும் இடத்தில் எழுத்துப்பிழை விழுவது சகஜம். அந்தப் பிழைகளில் சில, தற்செயலாக, ஒரு மருந்தை வேலை செய்ய விடாமல் தடுக்கும். ஐசோநயாசிட் என்ற மருந்துக்கு அப்படித் தப்பிக்கிற கிருமி சுமார் 10 லட்சத்தில் ஒன்று. ஆக, 10 கோடியில் 100 கிருமிகள், மாத்திரையை நீங்கள் வாயில் போடுவதற்கு முன்னாலேயே, அந்த மருந்துக்குச் சாகாதவையாக உள்ளே உட்கார்ந்திருக்கின்றன. அந்த ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால் மீதி எல்லாம் செத்து, இந்த நூறும் காலி மனையில் பட்டா போட்டுக்கொள்ளும். ரிஃபாம்பிசினுக்குத் தப்புகிற கிருமியோ சுமார் 10 கோடியில் ஒன்றுதான். இரண்டுக்கும் சேர்த்துத் தப்ப வேண்டுமானால் ஒரு கோடி கோடியில் ஒன்று. அவ்வளவு கிருமி யார் உடம்பிலும் இருக்காது. நாலு மருந்தைச் சேர்த்துக் கொடுப்பதன் ரகசியம் இதுதான். விட்டு விட்டுப் போடும்போது இந்தக் கணக்கு குலைகிறது. ஒரு வாரம் ஒரு மருந்துக்குத் தப்பியது பெருகும். பெருகியதில் இன்னொரு பிழை விழும்.

"எந்தக் கிருமியும் பழகல சார். மருந்துக்குக் கட்டுப்பட்டதெல்லாம் செத்துப்போச்சு, முன்னாடியே வேற மாதிரி இருந்ததோட வம்சம் இப்ப உள்ள இருக்கு" என்றேன். "இதுக்குப் பேரு உங்களுக்குத் தெரியுமே. நீங்க நடத்தின பாடம்தான்."

கொஞ்ச நேரம் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இயற்கைத் தேர்வு" என்றார். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு, "அந்தப் பாடத்த நான் ஒரே பீரியட்ல முடிச்சிருவேன் தம்பி. கேள்வி பதில் எழுதிப் போட்டுட்டு அடுத்த பாடம். நான் சாமி கும்பிடுறவன். குரங்குலேருந்து வந்தோம்னா என்னால ஒத்துக்க முடியல."

இதை எழுதத் தூண்டியது அந்தப் பேச்சுதான். இயற்கைத் தேர்வால் உயிர்கள் மாறிவந்தன என்கிற பரிணாமத்தை ஒத்துக்கொண்டால் சாமியை விட வேண்டும் என்று நம்மில் பலருக்கு ஒரு பயம் இருக்கிறது. தமிழ்நாட்டில் இதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. இங்கே டார்வின் பெயர் பாடப்புத்தகத்துக்கு வெளியே அதிகம் அடிபட்டது பகுத்தறிவு மேடைகளில். கடவுள் மறுப்பும் டார்வினும் ஒரே ஒலிபெருக்கியில் வந்ததால், இரண்டும் ஒன்று என்று கேட்டவர்கள் நினைத்துக்கொண்டார்கள். மேடையில் பேசியவர்கள் சொன்ன அறிவியல் சரிதான். ஆனால் 'ஆகவே கடவுள் இல்லை' என்ற கடைசி வரி, உயிரியல் சொல்கிற வரி அல்ல. அது தத்துவத்தில் பேச வேண்டியது. ஆய்வுக்கூடத்தில் அதைச் சோதித்துப் பார்க்க எந்தக் குடுவையும் இல்லை.

டார்வினே இதைச் சொல்லியிருக்கிறார். கேம்பிரிட்ஜில் பாதிரியார் ஆவதற்காகப் படித்தவர் அவர். 1879இல் எழுதிய ஒரு கடிதத்தில், ஒருவர் தீவிரக் கடவுள் நம்பிக்கையாளராகவும் பரிணாமத்தை ஏற்பவராகவும் இருக்க முடியுமா என்று சந்தேகிப்பதே அபத்தம் என்கிறார். அமெரிக்கத் தாவரவியலாளர் ஏசா கிரேயை உதாரணம் காட்டுகிறார். கிரே தேவாலயத்துக்குப் போகிற கிறிஸ்தவர். அமெரிக்காவில் டார்வினுக்காக வாதாடிய முதல் ஆள் என்றே சொல்லலாம். மனித மரபணுத் திட்டத்தை நடத்திய பிரான்சிஸ் காலின்ஸும் அப்படித்தான். கத்தோலிக்கத் திருச்சபையில் 1950இல் போப் பன்னிரண்டாம் பயஸ், பரிணாமம் ஆராயத்தக்கது என்று வழிவிட்டார். 1996இல் இரண்டாம் ஜான் பால், பரிணாமம் வெறும் அனுமானம் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்றார். பெயர்களை அடுக்கினால் வாதம் ஜெயித்துவிடாது, தெரியும். பரிணாமத்தை ஏற்று நம்பிக்கையை விட்டவர்களின் பட்டியலும் நீளமானது. முடியும் என்பதற்கு ஆள் இருக்கிறது என்று காட்டத்தான் சொன்னேன்.

குரங்கு விஷயத்துக்கு வருகிறேன். இன்றைக்கு இருக்கிற எந்தக் குரங்கிலிருந்தும் மனிதன் வரவில்லை. சிம்பன்சி நமக்குத் தாத்தா இல்லை, பங்காளி. சுமார் 60, 70 லட்சம் வருடங்களுக்கு முன்னால் ஒரே வீட்டிலிருந்து பாகம் பிரிந்து போன இரண்டு வம்சங்கள். 'அப்படியென்றால் குரங்கு ஏன் இன்னும் குரங்காகவே இருக்கிறது' என்று கேட்பது, 'நான் சென்னைக்கு வந்துவிட்டேனே, என் சித்தப்பா மகன் ஏன் இன்னும் ஊரிலேயே இருக்கிறான்' என்று கேட்பது மாதிரி.

'யாராவது கண்ணால் பார்த்தார்களா?' என்பது அடுத்த கேள்வி. 2018 ஜனவரியில் ஒன்றிய இணையமைச்சர் ஒருவரே, குரங்கு மனிதனாக மாறியதை யாரும் பார்த்ததில்லை, பாடத்திலிருந்து டார்வினை எடுக்க வேண்டும் என்று பேசினார். நாட்டின் மூன்று அறிவியல் அகாதமிகளும் சேர்ந்து மறுப்பு வெளியிட்டன. 2023இல், ஒன்றிய அரசின் பாடநூல்களைத் தயாரிக்கிற என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமப் பகுதி போயே போய்விட்டது. அந்தப் புத்தகத்தைப் படித்து, பதினொன்றில் உயிரியல் எடுக்காத பிள்ளை அதைப் பள்ளியில் படிக்கவே போவதில்லை. எனக்கு இதில் இருக்கிற வருத்தம் கொள்கை சம்பந்தப்பட்டது மட்டுமல்ல. அந்தப் பிள்ளைதான் நாளைக்கு என் எதிரில் உட்கார்ந்து, மூன்று நாள் மாத்திரை போட்டதும் காய்ச்சல் விட்டது, ஏன் மிச்சத்தையும் போட வேண்டும் என்று கேட்கும். கண்ணால் பார்க்க வேண்டும் என்பவர்களுக்குக் காட்ட என் மேஜை மேல் பரிசோதனைத் தாள் இருக்கிறது. போன வருடம் கட்டுப்பட்ட கிருமி, இந்த வருடம் கட்டுப்படாத கிருமி. இரண்டும் ஒரே ஆளின் நெஞ்சில்.

சரி, சாமி எங்கே நிற்கிறார்?

மேகம் எப்படித் திரள்கிறது, பருவக்காற்று எங்கிருந்து ஈரத்தை அள்ளி வருகிறது என்பதெல்லாம் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அதற்காக யாரும் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதை நிறுத்தவில்லை. மழைக்குக் காரணம் காற்றழுத்தம் என்பதும், மழை தந்தாள் தாயே என்று கும்பிடுவதும் ஒரே வீட்டில், ஒரே ஆளிடம் இருக்கின்றன. மழைக்குக் கொடுக்கிற இந்த இடத்தை உயிர்களுக்கு மட்டும் ஏன் கொடுக்க மாட்டோம் என்கிறோம்? படைத்தவன் ஒருவன் உண்டு என்று நம்புகிறவருக்கு, அவன் படைக்கிற விதம் இது என்று எடுத்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை.

ஆனால் நம் ஊரில் இதற்கு நேர்மாறான ஒரு தொல்லையும் உண்டு. 'எல்லாம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது' என்கிற வாட்ஸப் தொல்லை. மீன், ஆமை, பன்றி, பாதி சிங்கம் பாதி மனிதன், குள்ளன் என்று தசாவதாரத்தை வரிசைப்படுத்தி, டார்வினுக்கு முன்பே சொல்லிவிட்டோம் என்பார்கள். 'புல்லாகிப் பூடாய்' என்று மாணிக்கவாசகர் பாடியதையும் இழுப்பார்கள். அந்த அடியைத் தொடர்ந்து படித்தால் பாம்புக்கு அடுத்துக் கல் வருகிறது, மனிதருக்கு அடுத்துப் பேய் வருகிறது. அவர் பாடியது ஒரு உயிர் பல பிறவி எடுத்து இளைத்துப்போன களைப்பை. கூட்டம் கூட்டமாக உயிரினங்கள் தலைமுறை தாண்டி மாறுவதை அல்ல. உருகிப் பாடியதை உயிரியல் நோட்ஸ் ஆக்கினால் பாட்டும் கெடும், பாடமும் கெடும்.

எல்லா நம்பிக்கையும் பரிணாமத்தோடு சுமுகமாகப் போய்விடும் என்றும் நான் சொல்ல வரவில்லை. ஆறே நாளில் உலகம், அதுவும் சில ஆயிரம் வருடத்துக்கு முன்னால், என்று எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்கிறவருக்கு இது ஒத்துவராது. ஒன்று அவர் வாசிப்பை மாற்ற வேண்டும், இல்லை பாறைகளையும் மரபணுக்களையும் மறுக்க வேண்டும். என் இஸ்லாமிய நண்பர் ஒருவர், அவரும் மருத்துவர், மற்ற எல்லா உயிரிலும் பரிணாமத்தை ஏற்றுக்கொண்டு ஆதம் நபியிடம் வந்ததும் நின்றுவிடுகிறார். டீ ஆறிப்போகும் அளவுக்கு அதைப் பற்றிப் பேசியிருக்கிறோம். தீரவில்லை. அவர் எழுதுகிற மருந்துச் சீட்டில் எந்தக் குறையும் இல்லை.

என்னை உறுத்துவது வேறு இடம். நானும் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறவன்தான். இந்தக் கிருமியையும் படைத்தது அவன்தானா? டார்வினுக்கும் இதே முள் குத்தியது. உயிரோடு இருக்கிற புழுவுக்குள் முட்டையிட்டு, குஞ்சுகள் அதை உள்ளிருந்தே தின்னும்படி வாழ்கிற ஒரு குளவி இனத்தை, கருணையுள்ள கடவுள் வேண்டுமென்றே படைத்திருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை என்று 1860இல் ஏசா கிரேக்கு எழுதினார். அதற்கு ஒன்பது வருடம் முன்பு அவருடைய 10 வயது மகள் ஆனி இறந்திருந்தாள். வார்டில் ஒரு சின்னப் பெண்ணின் எக்ஸ்ரேயைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது எனக்கு வருகிற கேள்வியும் அதுதான். கவனித்தீர்களா, இது பரிணாமம் கிளப்பிவிட்ட கேள்வி இல்லை. டார்வின் பிறப்பதற்குப் பல நூறு வருடம் முன்பே பிள்ளையைப் பறிகொடுத்த எல்லாத் தாயும் கேட்டதுதான். பதில் என்னிடம் இல்லை.

எனக்குப் பதில் தெரிந்த கேள்விகளுக்கு வருகிறேன். விரதம், பாதயாத்திரை, நோன்பு, உபவாச ஜெபம், எதுவாக இருந்தாலும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். 'திட்டுவார்' என்று மறைக்காதீர்கள். காசநோய் மாத்திரை பெரும்பாலும் ஒரு நாளைக்கு ஒரு வேளைதான். நேரத்தை மாற்றிக் கொடுக்க முடியும். அட்டையை இருமுடியிலோ துணிப்பையிலோ எடுத்துப்போகலாம். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனால் பயந்து நிறுத்தாதீர்கள், அது ரிஃபாம்பிசினின் நிறம். கண் மஞ்சளானாலோ விடாமல் வாந்தி வந்தாலோ அன்றைக்கே வந்து காட்டுங்கள். சாதாரணச் சளிக்கு மெடிக்கலில் போய் "போன தடவை குடுத்த ஆன்டிபயாட்டிக் ரெண்டு குடுங்க" என்று கேட்பதை நிறுத்துங்கள். வைரஸுக்கு அது வேலை செய்யாது, உங்கள் உடம்பில் சும்மா இருக்கிற மற்றக் கிருமிகளில் தப்பிப் பிழைப்பவற்றைத் தேர்ந்தெடுத்து வளர்ப்பதுதான் மிச்சம். வீட்டிலிருந்தபடியே மாத்திரை போட்டுக் காசநோயைக் குணப்படுத்தலாம் என்று உலகத்துக்குக் காட்டியதே 1956இல் தொடங்கிய சென்னை ஆய்வு மையம்தான். சேத்துப்பட்டில் இன்றும் இயங்குகிறது. வீட்டில் மாத்திரை போடலாம் என்பதில், தினமும் போட வேண்டும் என்பதும் சேர்த்தி.

வாத்தியாருக்கு இரண்டாவது சிகிச்சை ஒன்றரை வருடத்துக்கு மேல் ஓடியது. வேறு மருந்துகள், அடிக்கடி ஈ.சி.ஜி., வாய் முழுக்கக் கசப்பு. ஒரு நாள்கூட விடவில்லை. கடைசித் தடவை வந்தபோது பஞ்சாமிர்த டப்பாவோடு வந்தார். கூடவே ஒரு கேள்வி.

"கிருமிக்கு மொத்தம் எத்தனை எழுத்து தம்பி?"

"சுமார் 44 லட்சம் சார்."

"அதுல எந்த எழுத்து மாறுச்சு?"

அவருடைய பழைய ஃபைலைப் புரட்டி, மரபணுப் பட்டைப் பரிசோதனைத் தாளை எடுத்தேன். உலகம் முழுக்க அதிகம் காணப்படுகிற அதே மாற்றம்தான் அவருக்கும். டி.சி.ஜி. என்று இருக்க வேண்டிய மூன்றெழுத்தில் நடு எழுத்து மாறி டி.டி.ஜி. ஆகியிருந்தது. காட்டினேன். ஒரு மாத்திரைக் கவரின் பின்பக்கம் இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, நடு எழுத்தைச் சுற்றி வட்டம் போட்டார். விபூதிப் பொட்டலத்தை எடுத்துவிட்டு அதைப் பைக்குள் வைத்து, மேலே பொட்டலத்தையும் வைத்துக்கொண்டார்.

"ஒரு எழுத்துப் பிழைக்கு நான் அரை மார்க்குதான் குறைப்பேன்" என்றார் எழுந்துகொண்டே. "இவன் ஒன்றரை வருஷத்தக் குறைச்சிட்டானே!"