நாளம்: தாமரைத் தண்டும் குருதிக்குழாயும்

தாமரைத் தண்டை ஒடித்துப் பார்த்தால் உள்ளே நீளவாக்கில் ஓடும் துளைகள் தெரியும். இத்தகைய தண்டுக்கு நாளம் என்று பெயர். வடமொழியில் 'நாள' என வழங்கும் இச்சொல், பூவின் காம்பையும், பிறகு உட்டுளை கொண்ட குழாயையும் குறித்து, உடலில் குருதி ஓடும் வழிக்கும் பெயராயிற்று. 'இரத்த நாளம்' என்பதன் இரு சொற்களுமே வடமொழி வழிவந்தவை. குருதிக்குழாய் என்பதே நேரான தமிழ்.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இக்குழாய்களைத் தமனி, சிரை, தந்துகி எனப் பகுக்கின்றன. இவற்றுள் தமனியின் கதை வியப்பானது. அதன் வடமொழி வேர் 'ஊதுதல்' என்னும் பொருளுடையது. கிரேக்கத்தின் 'ஆர்த்தீரியா'வும் முதலில் மூச்சுக்குழாயையே குறித்தது. இறந்த உடலில் தமனிகள் பெரும்பாலும் வெறுமையாகக் கிடந்ததால், கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எராசிஸ்திராத்தசு என்னும் கிரேக்க மருத்துவர் அவற்றில் காற்று செல்வதாகக் கருதினார், கி.பி. 2ஆம் நூற்றாண்டில் காலன் (Galen) என்னும் கிரேக்க மருத்துவர் அவற்றில் ஓடுவது குருதியே எனக் காட்டிய பின்னும் பழைய பெயர் நிலைத்துவிட்டது. இதயத்திலிருந்து வெளியேறும் குருதியைக் கொண்டு செல்வது தமனி. நுரையீரலுக்குச் செல்லும் தமனியில் உயிர்வளி (ஆக்சிஜன்) குறைந்த குருதி ஓடுவதால், 'தூய குருதிக்குழாய்' எனத் தமனியை விளக்குவது பிழை. இதயத்தின் அழுத்தத்தைத் தாங்கும் தடித்த, மீள்திறனுள்ள தமனியின் சுவர் விரிந்து சுருங்குவதையே மணிக்கட்டில் நாடித்துடிப்பாக உணர்கிறோம். எனவே, இலங்கைப் பாடநூல்கள் தமனியை நாடி என்று அழைப்பது மிகப் பொருத்தம்.

சிரையின் வேருக்கு ஓடுதல் என்று பொருள். குருதியை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும், சுவர் மெலிந்த இக்குழாய்களுள், சிறப்பாகக் கைகால்களில் உள்ளவற்றில், குருதி பின்னோக்கி வழியாதபடி வால்வுகள் உண்டு. தந்து என்றால் நூல். நூலினும் மிக நுண்ணிய தந்துகியின் சுவர் ஒற்றைச் செல் அடுக்கே ஆதலால், உயிர்வளியும் சத்துகளும் அதனூடே திசுக்களுக்குள் செல்கின்றன. 1628இல் குருதிச் சுற்றோட்டத்தை விளக்கிய ஆங்கில மருத்துவர் ஹார்வியால் காண முடியாத, தமனியையும் சிரையையும் இணைக்கும் இந்தத் தந்துகிகளை, 1661இல் இத்தாலிய மருத்துவர் மல்பீகி தவளையின் நுரையீரலில் நுண்ணோக்கி வழியே கண்டார்.

இங்கே ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் நாளம் எல்லாக் குருதிக்குழாய்களுக்கும் பொது. இலங்கையிலோ அது சிரையை மட்டும் குறிக்கும், பொதுப்பெயர் குருதிக்கலன். ஒரே மொழியில் எழுதும் மருத்துவ நூல்களில் இந்த வேறுபாட்டை அடிக்குறிப்பிலாவது தெரிவிப்பது கட்டாயம்.

மக்கள் வழக்கில் இவை எதுவுமன்றி நரம்பு என்பதே நிற்கிறது. சிரையில் போடுவதை 'நரம்பு ஊசி' என்பவரை, அறிவியலில் நரம்பு வேறு, சிரை வேறு என்று திருத்த முற்படுவோர் புறநானூற்றின் 278ஆம் பாடலைப் பார்க்க வேண்டும். அதில் வரும் முதிய தாயின் தோளை 'நரம்பெழுந்து உலறிய' தோள் என்கிறார் சங்கப் புலவர் நச்செள்ளையார். சதை வற்றிய தோளில் அவ்வாறு புடைத்தெழுந்து கண்ணுக்குத் தெரிவது சிரையே.