ஆற்றோர சைட்டா? முதலில் உயரத்தைக் கேளுங்கள்

மே மாதம் பிறந்துவிட்டால் எனக்கு இந்த போன் வர ஆரம்பித்துவிடும். மெமோரியல் டே, ஜூலை நான்கு, லேபர் டே என்று வரிசையாக நீண்ட வார இறுதிகள். டல்லாஸ், ஆஸ்டின், ஹூஸ்டன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் ஆறேழாகச் சேர்ந்துகொண்டு டெக்சாஸ் ஹில் கன்ட்ரி ஆறுகளைப் பார்த்துக் கிளம்புவார்கள். பாதிப் பேருக்கு டென்ட், பாதிப் பேருக்கு வாடகை ஆர்வி (படுக்கை, சமையலறையோடு வரும் வண்டி). எனக்கு வெள்ள வரைபடம் போடுவதுதான் பிழைப்பு என்பதால், முகாமில் தங்கும் இடம் (சைட்) பிடிப்பதற்கு முன்போ பின்போ (பெரும்பாலும் பின்புதான்) என்னிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள்.

"அண்ணா, தண்ணிய ஒட்டியே சைட் கிடைச்சிடுச்சு. கதவைத் திறந்தா ஆறு."

"எவ்வளவு உயரம்?"

"பதினோரு அடி இருக்கும்ணா, ஏசியோட சேர்த்து."

"வண்டி இல்லப்பா, சைட். ஆத்துத் தண்ணிக்கு மேல எத்தனை அடியில இருக்கு?"

"அதெல்லாம் வெப்சைட்ல போடலையேண்ணா."

போடமாட்டார்கள். நிழல் உண்டா, வைஃபை உண்டா, மின் இணைப்பு 30 ஆம்பியரா 50 ஆம்பியரா, நாய்க்கு அனுமதி உண்டா என்று எல்லாம் இருக்கும். ஆற்றுக்கு அருகே இருப்பதற்குக் கூடுதல் கட்டணமும் இருக்கும். ஆற்றுக்கு எவ்வளவு மேலே என்பது மட்டும் இருக்காது. என்னைக் கேட்டால் முதலில் பார்க்கவேண்டிய எண் அதுதான்.

இந்தப் பகுதியின் மண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஹில் கன்ட்ரியில் பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறை. மேலே மண் மெல்லியதாகத்தான் இருக்கும். சில இடங்களில் மண்வெட்டியைப் போட்டால் ஒரு சாண் ஆழத்திலேயே பாறை தட்டும். சரிவோ செங்குத்து. மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வரும் ஈரக்காற்று பால்கோனஸ் மேட்டில் ஏறும்போது மழை கொட்டினால், அதை உறிஞ்ச அங்கே ஒன்றும் இல்லை. பெய்ததில் பெரும்பகுதி அப்படியே ஓடையில் இறங்கி ஆற்றுக்கு வந்துவிடும். 1935 மே 31 அன்று டஹானிஸ் என்ற ஊருக்கு அருகே இரண்டே முக்கால் மணி நேரத்தில் 22 அங்குலம் பெய்திருக்கிறது. உலகச் சாதனைப் பட்டியலில் இன்றும் பேசப்படும் மழை அது. இந்த வட்டாரத்தைத் திடீர் வெள்ளச் சந்து என்று இங்கே அழைப்பது சும்மா இல்லை. மழை உச்சம் தொடும் காலங்களில் ஒன்று மே, ஜூன் மாதங்கள். அதாவது நாம் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் அதே சமயம்.

2025 ஜூலை 4 அதிகாலையில் குவாடலூப் ஆற்றில் நடந்ததைப் படித்திருப்பீர்கள். ஹன்ட் ஊர்ப் பக்கம் முக்கால் மணி நேரத்தில் 26 அடி ஏறியது என்று அதிகாரிகள் சொன்னார்கள். மத்திய டெக்சாஸ் முழுவதுமாக 130 பேருக்கு மேல் இறந்தார்கள். கோடை முகாமுக்குப் போயிருந்த சிறுமிகளைப் பற்றித்தான் செய்திகளில் அதிகம் வந்தது. அதே இரவில் ஆற்றையொட்டிய ஆர்வி பூங்காக்களிலும் வண்டிகள் ஆட்களோடு அடித்துச் செல்லப்பட்டன. ஹன்ட் இருக்கும் கெர் கவுண்டிக்கான திடீர் வெள்ள எச்சரிக்கை 1:14 மணிக்கே வெளியாகிவிட்டது. கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் கழித்து, நாலு மணிக்கு மேல், அதைவிடக் கடுமையான அவசர அறிவிப்பு வந்தது. விடுமுறை நாள், நடு இரவு, பள்ளத்தாக்கில் சிக்னல் அரைகுறை. எத்தனை பேர் விழித்துப் பார்த்திருப்பார்கள்?

இது டெக்சாஸோடு முடிகிற கதையும் இல்லை. ஆர்கன்சா மாநிலத்தின் ஆல்பர்ட் பைக் கேம்ப்கிரவுண்டில் 2010 ஜூன் 11 பிறந்த நள்ளிரவில் 4 அடிக்கும் கீழே ஓடிக்கொண்டிருந்த லிட்டில் மிசௌரி ஆறு விடிவதற்குள் 23 அடியைத் தாண்டியது. 20 பேர் இறந்தார்கள், அவர்களில் குழந்தைகள் பலர். அங்கும் எச்சரிக்கை வெளியானது; அந்த மலைக்குள் செல்போன் எடுக்காது.

வெள்ளம் வடிந்த பிறகு எங்களைப் போன்றவர்களுக்கு வேலை ஆரம்பிக்கும். தண்ணீர் எதுவரை ஏறியது என்று தடம் தேடுவோம். சுவரில் படிந்த சேற்றுக் கோடு, மரப்பட்டையில் வரிசையாக ஒட்டிக்கொண்ட புல்விதை, வேலிக் கம்பியில் சிக்கிய சருகு. அந்த இடத்தில் ஆணி அடித்து, அடையாளம் போட்டு, லெவல் கருவியால் உயரம் எடுப்போம். ஆர்வி பூங்காக்களில் எங்களுக்கு வசதியானது ஒவ்வொரு சைட்டிலும் நிற்கும் மின் இணைப்புக் கம்பம். இடுப்பு உயரப் பெட்டி. அதன் மூடியைத் திறந்தால், வெளிப்புறம் கழுவிப் பளிச்சென்று இருந்தாலும், உள்ளே பிரேக்கருக்குப் பின்னால் மெல்லிய வண்டல் ஒட்டியிருக்கும். விரலால் தடவினால் முகப்பவுடர் போல வரும். பெட்டிக்குள்ளேயே வண்டல் இருந்தால் கோடு அதற்கு மேலே எங்கேயோ இருக்கிறது என்று அர்த்தம். அண்ணாந்து பார்க்க ஆரம்பிப்போம்.

நீங்களும் அண்ணாந்து பாருங்கள். இங்கே ஆற்றோரம் வரிசையாக நிற்பவை பால்ட் சைப்ரஸ் மரங்கள். கிளைக் கவட்டில், உங்கள் தலைக்கு மேலே, பறவைக் கூடு மாதிரி ஒரு குப்பைக் கொத்து தெரிந்தால் உற்றுப் பாருங்கள். காய்ந்த புல்லோடு பிளாஸ்டிக் பையும் கயிறும் கலந்திருந்தால் அது கூடு இல்லை, வெள்ளம் விட்டுப்போனது. மரத்தின் ஒரு பக்கத்தில் மட்டும், ஆறு வரும் திசையைப் பார்த்த பக்கத்தில், பட்டை உரிந்து தழும்பாக இருக்கும். மிதந்து வந்த கட்டைகள் மோதிய இடம். சிறு மரங்கள் எல்லாம் ஒரே திசையில் சாய்ந்திருந்தால் அது காற்றின் வேலையாக இருக்க வாய்ப்புக் குறைவு. அப்புறம், டென்ட் போட அருமையாக, புல்வெளி மாதிரி விரிந்து கிடக்கிறதே அந்தச் சமதளம், அதைச் சமன்படுத்தியது யார் என்று யோசித்துப் பாருங்கள். மலைப்பகுதியில் ஆற்றங்கரையில் தட்டையான நிலம் இருந்தால், பெரும்பாலும் ஆறே வண்டலைக் கொட்டிப் பரப்பிய நிலம்தான் அது.

அந்த நிலத்தில் ஏன் வீடு கட்டாமல் ஆர்வி பூங்கா வைத்திருக்கிறார்கள்? இதற்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது. கூட்டாட்சி வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த ஊர்களில், வெள்ளப் பகுதிக்குள் வீடு கட்டினால் தரைமட்டத்தை உயர்த்தித்தான் கட்டவேண்டும். ஆர்விக்கு அந்தத் தொல்லை இல்லாமல் இருக்க வழி உண்டு. தொடர்ந்து 180 நாட்களுக்குள் கிளம்பிவிட வேண்டும், அல்லது உரிமம் பெற்று, சக்கரத்தின் மேல், உடனே சாலைக்கு எடுக்கத் தயாராக இருக்கவேண்டும். வெள்ளம் வந்தால் ஓட்டிக்கொண்டு போய்விடலாமே என்பது எழுதியவர்களின் எண்ணம். நடைமுறையில் என்ன? ராத்திரி மூன்று மணிக்குக் கழிவுநீர்க் குழாயைக் கழற்றி, மின்வயரைப் பிடுங்கி, வெளியே நீட்டிய பக்க அறையை (ஸ்லைடை) உள்ளே இழுத்து, ஜாக்கியை ஏற்றி, டிரெய்லரை வண்டியில் மாட்டி, நாற்பது ஆர்விகள் ஒரே வாசலில் நிற்கும். எந்த ஊரில் நடக்கும் இது?

ஆர்வி கனமானது, ஆற்று வெள்ளம் அசைக்காது என்றும் சிலர் நினைக்கிறார்கள். ஒரு சின்னக் கணக்கு. 25 அடி டிரெய்லரின் அடிப்பரப்பு சுமார் 18 சதுர மீட்டர். தரைப்பலகைக்கு மேல் தண்ணீர் 10 சென்டிமீட்டர் ஏறினால் மேல்நோக்கித் தள்ளும் விசை 1.8 டன். டிரெய்லரின் எடையே மூன்று டன் பக்கம்தான், 17 சென்டிமீட்டர் ஏறினால் ஈடாகிவிடும். கதவு இடுக்கில் தண்ணீர் புகுவதால் விசை கொஞ்சம் குறையும், ஆனால் வேகமாக ஏறும் வெள்ளத்தில் உள்ளே நிறைவதற்கு முன்பே வண்டி மிதந்துவிடும். அதாவது நின்றவர் தொடையைத் தாண்டிய தண்ணீர் போதும். சாதாரண காருக்கு இன்னும் குறைவு: ஓடும் தண்ணீர் ஓரடி இருந்தாலே சிறிய காரைத் தள்ளும், இரண்டடி பெரும்பாலான வாகனங்களைக் கொண்டுபோகும். ஆள் தடுமாறி விழ ஆறு அங்குலம் போதும். ஆகவே வண்டியைக் காப்பாற்றும் எண்ணமே வேண்டாம். அது வாடகை வண்டியாக இருந்தாலும் சரி, கடன் வாங்கி வாங்கியதாக இருந்தாலும் சரி.

இடம் பிடிக்கும்போதே வெளியேறும் பாதையைப் பாருங்கள். 1987 ஜூலை 17 அன்று இதே குவாடலூப் ஆற்றில், கம்ஃபர்ட் ஊருக்கு அருகே, ஒரு தேவாலய முகாமிலிருந்து பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கிளம்பிய பேருந்தும் வேனும் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டன. பத்துப் பதின்வயதினர் இறந்தார்கள். முகாமைவிட்டு வெளியேறும் வழியில்தான் அது நடந்தது. ஹில் கன்ட்ரியில் கேம்ப்கிரவுண்டுக்குப் போகும் சாலை எத்தனையோ இடங்களில் ஒரு தரைப்பாலத்தைக் கடந்துதான் போகும். நாம் பகலில் அதன்மேல் ஓடும் அரையடித் தண்ணீரில் டயரை நனைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டிக்கொண்டு போவோம். ஆறு ஏறும்போது முதலில் மூழ்குவது அந்தப் பாலம். நீங்கள் இருக்கும் மேடு தப்பித்தாலும் தீவாகிவிடும்.

அதனால் நான் கேட்கச் சொல்வது இவ்வளவுதான். தண்ணீர் எதையும் கடக்காமல், இருட்டில், ஐந்து நிமிட நடையில் எவ்வளவு உயரம் ஏற முடியும்? ஹில் கன்ட்ரியில் பத்தடி போதாது. 2015 மெமோரியல் டே வார இறுதியில் விம்பர்லியில் பிளாங்கோ ஆறு 40 அடியைத் தாண்டியது. தூண்மேல் கட்டிய வீடுகளே போயின. நாற்பதடி மேடு நடை தூரத்தில் இருந்தால் ஆற்றங்கரை சைட்டில் தாராளமாகத் தங்கலாம் என்பேன். இல்லாவிட்டால் மேல் வரிசையில் சைட் எடுங்கள். விலையும் குறைவாக இருக்கும். கூகுள் எர்த்தில் ஆற்றின் மேலும் சைட்டின் மேலும் சுட்டியை வைத்தால் உயர வித்தியாசம் தோராயமாகத் தெரிந்துவிடும். அமெரிக்கப் பேரிடர் நிர்வாக அமைப்பான ஃபீமாவின் வெள்ள வரைபடத்தில் முகவரியைப் போட்டும் பார்க்கலாம். ஆனால் அதைப் போடுகிறவன் என்ற முறையில் ஒரு எச்சரிக்கை: அதில் குறிக்கும் நூறாண்டு வெள்ளம் என்றால் நூறு ஆண்டுக்கு ஒருமுறை என்று பொருள் இல்லை. ஒவ்வொரு ஆண்டும் ஒரு சதவீத வாய்ப்பு. முப்பது ஆண்டுக் கணக்கில் அது 26 சதவீதம். தவிர, சின்ன ஓடைகள் பலவற்றுக்கு வரைபடமே கிடையாது. நிறம் பூசாத இடம் பாதுகாப்பான இடம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வரவேற்பு மேசையில் கேட்டால் "நான் இங்கே இருபது வருஷமா இருக்கேன், தண்ணி இதுவரை வந்ததே இல்லை" என்று சொல்வார்கள். பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. ஆனால் 1987க்கும் 2025க்கும் நடுவே 38 ஆண்டுகள். அதற்குள் வேலைக்குச் சேர்ந்து ஓய்வுபெற்றும் போயிருப்பார்கள். "எச்சரிக்கை வந்தால் இரவில் எங்களை எப்படி எழுப்புவீர்கள்?" என்று கேளுங்கள். சைரன் இருக்கிறதா, கதவைத் தட்ட ஆள் இருக்கிறதா? அந்தப் பதில்தான் உபயோகப்படும்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கும் சமயமாகப் பார்த்துத்தான் நாம் முகாமுக்கும் போவோம். முழங்கால் வலியோடு இருக்கும் அவர்களுக்கு மேடு ஏறும் நேரம் உங்கள் நேரமாக இருக்காது. பகலிலேயே ஒருமுறை எல்லோரும் சேர்ந்து மேலே நடந்து பாருங்கள். படுக்கும் முன் செருப்பும் டார்ச்சும் கதவோரம் இருக்கட்டும். அரசு வானிலை எச்சரிக்கைகளை ஒலிபரப்பும் அலைவரிசையைப் பிடிக்கும், பேட்டரியில் ஓடும் நோவா வானிலை ரேடியோ ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். செல்போன் டவர் இல்லாத பல இடங்களிலும் எடுக்கும், எச்சரிக்கை வந்தால் தானாகவே அலறும். மேல்பக்க ஆற்றின் நீர்மட்டத்தை அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் (யூ.எஸ்.ஜி.எஸ்.) தளத்தில் பார்க்கலாம். உங்கள் தலைக்கு மேலே நட்சத்திரம் தெரிவது ஒரு பொருட்டே இல்லை, மழை முப்பது மைல் மேலே பெய்துகொண்டிருக்கலாம்.

ஏரி வேறு மாதிரி. டெக்சாஸின் பெரிய ஏரிகள் எல்லாம் அணைகள்தான். கேன்யன் லேக்கின் வழக்கமான நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 909 அடி. கலிங்கு 943 அடியில். நடுவே இருக்கும் 34 அடி வெள்ளத்தைப் பிடித்துவைக்க ஒதுக்கிய இடம், கரையோர முகாம் நிலங்களில் நிறைய அந்த இடைவெளிக்குள் வருகிறது. மூழ்கினாலும் மெதுவாக மூழ்கும். மூடிவிட்டு உங்களை அனுப்ப அவர்களுக்கு நேரம் கிடைக்கும். 2002 ஜூலையில் முதல் முறையாகக் கலிங்கு வழிந்தபோது, அடிபட்டது அணைக்குக் கீழ்ப்பக்கம். பாறையை அறுத்துக்கொண்டு சில நாட்களில் ஒரு பள்ளத்தாக்கே உருவானது. ஆகவே ஏரிக்கரை என்றால் எனக்கு அவ்வளவு கவலை இல்லை, அணைக்குக் கீழே ஆற்றோரம் என்றால் உண்டு. வறட்சிக் காலத்தில் வேறு ஏமாற்றம்: படத்தில் பார்த்த தண்ணீர் சைட்டிலிருந்து கால் மைல் தள்ளிப் போயிருக்கும், படகு இறக்கும் சரிவு மூடிக் கிடக்கும். கிளம்பும் முன் இன்றைய நீர்மட்டத்தைப் பார்த்துவிடுங்கள்.

என் துறைக்கு வெளியே ஒன்று, நம் வீடுகளில் மூக்கில் நீர் விட்டுக் கழுவும் பழக்கம் பலருக்கு இருப்பதால் சொல்கிறேன். டெக்சாஸில் ஒரு கேம்ப்கிரவுண்டில் ஆர்வியின் குழாய்த் தண்ணீரால் மூக்கைக் கழுவிய 71 வயதுப் பெண்மணி மூளையைத் தாக்கும் அமீபா தொற்றி இறந்ததை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் (சி.டி.சி.) 2025ல் பதிவு செய்திருக்கிறது. குடித்தால் வருவதில்லை, மூக்கின் வழியாக ஏறினால்தான் வரும். ஆர்வி தொட்டியில் நாட்கணக்காகக் கிடந்த தண்ணீரை அதற்குத் தொடாதீர்கள். கொதிக்கவைத்து ஆறிய நீர் அல்லது டிஸ்டில்டு வாட்டர் மட்டும்.