பாம்பன் காற்றில் நகப்பூச்சு காய்வது எப்படி?

கடந்த ஐப்பசியில், பாம்பனில் என் அக்கா வீட்டுக் கல்யாணத்துக்கு முதல்நாள் மாலை, அக்கா மகள் பத்து விரல்களிலும் கருநீல நகப்பூச்சு பூசி, சீக்கிரம் காயட்டும் என்று மின்விசிறிக்கு அடியில் கைகளை நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள். வெளியே மழை பிடித்திருந்தது. சிறிது நேரத்தில் அந்த நீலத்தின் மேல் பால் தெளித்தாற்போல ஒரு வெண்மை படர்ந்துவிட்டது. “சித்தி, பாலிஷ் கெட்டுப்போச்சா?” என்று கேட்டாள். புட்டிக்குள் பூச்சு கெட்டியாக இருந்ததால், இளக்குவதற்காக அதில் கொஞ்சம் அசிட்டோன் ஊற்றியிருக்கிறாள். வெண்மைக்குக் காரணம் அந்த அசிட்டோனும் பாம்பன் காற்றும்தான்.

நகப்பூச்சின் உடல் நைட்ரோசெல்லுலோஸ். பஞ்சிலும் மரக்கூழிலும் உள்ள செல்லுலோஸ் இழையை நைட்ரிக் அமிலத்தில் பக்குவப்படுத்திப் பெறும் பொருள் அது. எத்தில் அசிட்டேட், பியூட்டைல் அசிட்டேட் ஆகிய கரைப்பான்களில் அதைக் கரைத்து, படலம் ஒட்டிக்கொள்ளப் பிசினும், வளைந்துகொடுக்க நெகிழ்வூட்டியும், நிறத்துக்கு நிறமியும் சேர்க்கிறார்கள். நிறமி அடியில் படியாமலிருக்க ஒருவகைக் களிமண்ணும் கலந்திருக்கும். நிற்கும்போது கூழாக இறுகுவதும் அசைத்தால் இளகுவதும் அதன் இயல்பு. பூசுவதற்கு முன் புட்டியை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டுவது அதனால்தான். குலுக்கினால் காற்றுக்குமிழிகள் புகுந்து நகத்தின் மேல் சிறு கொப்புளங்களாக நிற்கும்.

பூசியபின் நடப்பதெல்லாம் கரைப்பான் வெளியேறுவதுதான். எத்தில் அசிட்டேட்டின் கொதிநிலை 77 டிகிரி, பியூட்டைல் அசிட்டேட்டுக்கு 126 டிகிரி செல்சியஸ். ஒன்று விரைந்து கிளம்ப, மற்றது மெதுவாகப் பின்தொடர, இடைப்பட்ட நேரத்தில் தூரிகைத் தடங்கள் சமனாகி, இழைகள் நெருங்கிப் படலமாகின்றன. அசிட்டோனோ 56 டிகிரியிலேயே கொதிப்பது. அது அவசரமாக ஆவியாகும்போது பூச்சின் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே வழியில்தான். மழைக்காலக் கடலோரக் காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால், குளிர்ந்த பூச்சின் மேல் பனித்துளிபோல நீர் படிகிறது. நைட்ரோசெல்லுலோஸ் நீரில் கரையாது; ஈரம் பட்ட இடங்களில் அது திரிந்து, ஒளியைச் சிதறடிக்கும் நுண்துகள்களாகி, வெள்ளையாகத் தெரிகிறது. இளக்குவதற்கென்று விற்கும் தின்னரில் மெதுவாக ஆவியாகும் கரைப்பானும் இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. அன்று நாங்கள் கதவைச் சாத்தி, விசிறியை நிறுத்திவிட்டு, மேலே மெலிதாக ஒரு டாப் கோட், அதாவது மேற்பூச்சு, கொடுத்தோம். அதன் கரைப்பான் அடிப்படலத்தைச் சற்றே கரைத்து மீண்டும் படியவைத்ததில் நீலம் தெளிந்தது.

தடிமனாக ஒரே பூச்சாகப் பூசுவதைவிட, மெலிதாக இரண்டு மூன்று பூச்சு பூசுவது எப்போதும் நல்லது. மேற்பரப்பு முதலில் இறுகிவிட்டால் உள்ளே சிக்கிய கரைப்பானுக்கு வெளியேற வழியில்லை. தொட்டால் காய்ந்தது போலிருக்கும் பூச்சு, இரவு தூங்கி எழும்போது போர்வையின் நெசவைத் தன்மேல் அச்சாக ஏற்றிக்கொள்வது இப்படித்தான்.

பூச்சுக்குக் கீழே இருக்கும் நகத்தையும் பார்க்க வேண்டும். ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள நகத்தட்டு, கெரட்டின் என்ற புரதம் நிறைந்த இறந்த செல்களின் அடுக்கு. அதன் நடு அடுக்கில் இழைகள் குறுக்காக ஓடுவதால், நகம் பெரும்பாலும் குறுக்கே கிழிகிறதே தவிர வேரை நோக்கிக் கிழிவதில்லை. அந்தத் தட்டு தண்ணீரை எளிதில் உறிஞ்சி உப்பும், காய்ந்ததும் சுருங்கும். மேலே ஒட்டியிருக்கும் படலமோ அதே அளவுக்கு விரிவதில்லை, சுருங்குவதுமில்லை. இந்த இழுபறியில் முதலில் விட்டுப்போவது நுனி ஓரம். குளித்துவிட்டு வந்து உடனே பூசினால் பூச்சு சீக்கிரம் உரிவதற்கும் இதுவே காரணம். மண்டபம், பாம்பன் பக்கம் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள் பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணி சுற்றிக்கொள்கிறார்கள். மணிக்கணக்கில் உப்புநீரில் ஊறும் அந்த நகங்களில் எந்தப் பூச்சும் நாள்கணக்கில் நிற்பது கடினம். மற்றவர்கள் நகத்தை நன்றாகத் துடைத்து உலரவிட்டு, பேஸ் கோட் எனும் அடிப்பூச்சு கொடுத்து, நுனியின் விளிம்பையும் பூச்சால் மூடினால் நீர் புகும் வாசல் அடைபடும். அடர்நிறங்கள் நகத்தில் மஞ்சள் கறையாக இறங்குவதையும் பேஸ் கோட் தடுக்கும்.

வீட்டில் செய்யும் கோலங்களில் எனக்கு மிகவும் பிடித்தது நீர்ச்சலவைக்கல் எனும் வாட்டர் மார்பிள். காகிதக் கோப்பையில் அறை வெப்பத்தில் உள்ள தண்ணீர் எடுத்து, நீர்ப்பரப்புக்கு மிக அருகிலிருந்து ஒரு சொட்டு நகப்பூச்சு விட்டால், அது கண்ணெதிரே வட்டமாக விரிந்து ஓடும். தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். எத்தில் அசிட்டேட்டுக்கு ஏறக்குறைய 24. வலுவாக இழுக்கும் நீர்ப்பரப்பு, வலுக்குறைந்த பூச்சைத் தன்மேல் எல்லாப் பக்கமும் இழுத்துப் பரப்புகிறது. நடுவில் அடுத்த நிறத்தைச் சொட்டினால் முன்னது வளையமாக ஒதுங்கும். வளையத்துக்குள் வளையமாக நான்கைந்து வந்தபின், குண்டூசி முனையால் ஓரத்திலிருந்து நடுவுக்கு இழுத்தால் சிலந்திவலையும் பூவிதழும் பிறக்கும். இதற்கு அரை நிமிடத்துக்குமேல் எடுக்கக் கூடாது. கரைப்பான் பறந்து படலம் ஏடுகட்டிவிட்டால், ஊசி கோடு இழுக்காமல் ஏட்டையே கிழித்துவிடும். வெள்ளை பூசி உலர்ந்த நகத்தை, சுற்றிலும் தோலில் வாஸ்லின் தடவி, பரப்புக்கு இணையாக அமுக்க வேண்டும். விரல் நீருக்குள் இருக்கும்போதே மேலே மிச்சமிருக்கும் ஏட்டைக் குச்சியால் சுருட்டி எடுத்துவிட்டு வெளியே எடுக்கலாம். கெட்டிப்பட்ட பழைய பூச்சு இதற்கு உதவாது. அது விரியாமல் உருண்டு அடியில் போய்விடும்.

புள்ளிக்கோலம் இதைவிட எளிது. குண்டூசித் தலையால் வைக்கும் புள்ளி, உலர்ந்த பூச்சின் மேல் மேடாக நிற்கும். ஈரப் பூச்சின் மேல் அமிழ்ந்து பரவும். அமிழ்ந்த புள்ளியின் நடுவே ஊசியை இழுத்தால் இதயவடிவம் கிடைக்கும். நேர்க்கோட்டுக்குச் செல்லோ டேப் ஒட்டிப் பூசுபவர்கள், பூச்சு ஈரமாக இருக்கும்போதே டேப்பை எடுத்துவிட வேண்டும்.

மினுக்கும் முத்துநிறத்துக்கும் கடலுக்கும் பழைய உறவு உண்டு. குழம்புக்குக் காரல் மீனைக் கழுவும்போது விரல்களில் அப்பும் வெள்ளிப்பூச்சைக் கவனித்திருப்பீர்கள். அது குவானின் படிகங்கள். நம் மரபணுவின் நான்கு எழுத்துகளில் ஒன்றான அதே குவானின். மெல்லிய தகடுகளாக அடுக்கப்பட்டிருப்பதால் ஒளியைக் கண்ணாடிபோலத் திருப்புகிறது. மீன் செதிலிலிருந்து இதைப் பிரித்தெடுத்துச் செயற்கை முத்துக்கும், பின்னர் நகப்பூச்சுக்கும் பயன்படுத்தினார்கள். இன்று அந்த வேலையைப் பெரும்பாலும் டைட்டானியம் டை ஆக்சைடு பூசிய மைக்கா தகடுகள் செய்கின்றன.

ஜெல் பாலிஷ் வேறு இனம். அது உலர்வதில்லை, புற ஊதா விளக்கில் அதன் அக்ரிலேட் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகுகின்றன. வீட்டு விளக்கில் அரைகுறையாக இறுகிய ஜெல் தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால் அது நீங்குவது அரிது. ஜெல்லை இறுகச்செய்யும் டிபிஓ என்ற வேதிப்பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் அழகுப்பொருள்களில் தடைசெய்திருக்கிறது. வீட்டில் சிறுமிகளுக்கு ஜெல் வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். எந்தப் பூச்சானாலும், அடுப்பும் விளக்கும் எரியும் இடத்தில் அதையோ அசிட்டோனையோ திறக்கவே கூடாது.

கீழக்கரையில் பல முஸ்லிம் பெண்கள் நகப்பூச்சைத் தவிர்த்து மருதாணியே வைக்கிறார்கள். தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும் உளூவின்போது நகத்தில் நீர் பட வேண்டும். பூச்சின் படலம் அதை மறைத்துவிடும், மருதாணி மறைக்காது. மருதாணியிலுள்ள லாசோன் என்ற மூலக்கூறு நகத்துக்குள் ஊறிக் கெரட்டினோடு வேதிப்பிணைப்பு கொள்கிறது. அதனால் தோலின் சிவப்பு இரண்டு வாரங்களில் உதிர்ந்துபோனாலும், நகத்தின் சிவப்பு வெளுப்பதில்லை, வளர்ந்துதான் வெளியேறுகிறது. கைநகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளரும். நோன்புப் பெருநாளுக்கு வைத்த மருதாணி, சுமார் 70 நாள் கழித்து வரும் ஹஜ்ஜுப் பெருநாளன்று, அடியில் 7 மில்லிமீட்டர் வெறும் நகத்தை விட்டு, நுனிப்பக்கம் ஒரு சிவந்த பிறையாக நிற்கும்.