டீப் பிளேனா, ஸ்மாஸானு கேக்கறதுக்கு முன்னாடி

போன வருஷம் ஆடி மாசம் ஓபில ஒரு அம்மா வந்தாங்க, 58 வயசு, ரிட்டயர்டு டீச்சர், கூட பொண்ணு. சேர்ல உக்காரக்கூட இல்ல, போனை நீட்டி ஒரு ரீல்ஸ காட்டிட்டு, "டாக்டர், நீங்க டீப் பிளேன் பண்ணுவீங்களா, இல்ல ஸ்மாஸ் தானா?"னு கேட்டாங்க. அந்த "தானா"ல ஒரு இளக்காரம் இருந்துச்சு பாருங்க, எனக்கு சிரிப்பு வந்துருச்சு. ரெண்டுமே ஃபேஸ்லிஃப்ட், அதாவது தொங்கின முகத்த தூக்கி தைக்கற ஆபரேஷன பண்ற முறைகள்தான். 2025ல அமெரிக்க டிவி பிரபலம் கிரிஸ் ஜென்னர் தான் ஃபேஸ்லிஃப்ட் பண்ணிக்கிட்டத வெளிப்படையா சொன்னதுல இருந்து இந்தக் கேள்வி ரொம்ப அதிகமாயிருச்சு, வர்றவங்க பாதிப்பேரு ஆபரேஷன் பேரோடதான் உள்ள வர்றாங்க.

நான் பதில் சொல்லாம மேசை மேல இருந்த கைக்கண்ணாடிய குடுத்து, "எது உறுத்துதுனு விரல் வச்சு காட்டுங்கம்மா"ன்னேன். அவங்க கன்னத்த தொடவே இல்ல. நேரா தாடைக்கு கீழ, கழுத்துல, பேசும்போது ரெண்டு கயிறு மாதிரி புடைச்சுக்கிட்டு நிக்கும் இல்லையா, அங்கதான் விரல் போச்சு. அது பிளாட்டிஸ்மாங்கற கழுத்துத் தசையோட ஓரம், வயசாக ஆக நடுவுல பிரிஞ்சு அப்படி தொங்கும். ரீல்ஸ்ல காட்டின பொம்பளைக்கு பண்ணினது முக்கியமா கன்னத்துக்கு. ரெண்டுக்கும் சம்பந்தமே கம்மி.

இதத்தான் இன்னிக்கு எழுதணும்னு நினைச்சேன். எந்த டெக்னிக் நல்லதுங்கறது ரெண்டாவது கேள்வி. எங்க தொங்குது, ஏன் தொங்குதுங்கறதுதான் மொதல்ல.

கயித்துக் கட்டில் தெரியும்ல? புதுசுல விறைப்பா இருக்கும், நாலு வருஷம் போனா நடுவுல தொட்டி மாதிரி குழி விழுந்துரும். அப்போ மேல போட்ட போர்வைய நாலு பக்கமும் இழுத்து சொருகினா பாக்க நீட்டா இருக்கும், ஆனா படுத்த உடனே மறுபடி குழி. கயித்த முறுக்கணும். முகமும் அப்படித்தான், தோல்தான் போர்வை, தோலுக்கும் கொழுப்புக்கும் கீழ ஒரு ஜவ்வு மாதிரி அடுக்கு இருக்கு, அதுதான் ஸ்மாஸ், அதுதான் கயிறு. ஆரம்ப காலத்துல, 1901ல பெர்லின்ல ஹோலண்டர்னு ஒரு டாக்டர் காது பக்கத்துல கொஞ்சம் தோல வெட்டி எடுத்து தைச்சதத்தான் மொத ஃபேஸ்லிஃப்ட்னு சொல்லுவாங்க, அது வெறும் போர்வை இழுக்கற வேலை. ரொம்ப வருஷம் அப்படியேதான் ஓடுச்சு. 1970கள்ல ஸ்வீடன்ல ஸ்கூக் தோலையும் அந்த கீழ் அடுக்கையும் சேத்து தூக்க ஆரம்பிச்சார், 1976ல பாரிஸ்ல மிட்ஸ், பெய்ரோனினு ரெண்டு பேரு அந்த அடுக்க தெளிவா வெட்டிப் பாத்து எழுதி ஸ்மாஸ்னு பேரு வச்சாங்க. அதுக்கப்புறம் வந்த எல்லாமே அந்த கயித்த எப்படி முறுக்கறதுங்கற சண்டைதான்.

கயித்த வெட்டாம, தளர்ந்த எடத்த மடிச்சு மடிச்சு தைக்கறது ஒண்ணு, அதான் பிளிக்கேஷன். ஓரமா ஒரு பட்டை வெட்டி எடுத்துட்டு ரெண்டு முனையையும் சேத்து தைக்கறது இன்னொண்ணு. பெல்ஜியத்துல டோனார், வெர்பாலேனு ரெண்டு பேரு 2002ல மேக்ஸ் லிஃப்ட்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, சின்ன வெட்டு, உள்ள வளையம் மாதிரி நூல் போட்டு நேரா மேல தூக்கி கட்டறது, காதுக்குப் பின்னாடி பெருசா வெட்டு வராது, 40களின் கடைசில இருக்கறவங்க, கழுத்துல ரொம்ப தோல் தொங்காதவங்களுக்கு நல்லா வேலை செய்யும். கழுத்துல நிறைய தொங்கறவங்களுக்கு அதையே பண்ணினா காதுக்குக் கீழ தோல் சுருங்கி நிக்கும், அப்புறம் எங்ககிட்ட வந்து "ஏன் டாக்டர் இங்க மடிப்பு?"னு கேப்பாங்க.

சரி, டீப் பிளேன். முகத்துல சில எடத்துல தோலையும் ஸ்மாஸையும் எலும்போடவோ கீழ இருக்கற தசையோடவோ பிடிச்சு வச்சிருக்கற முளை மாதிரி லிகமென்ட்கள் இருக்கு. கட்டில்ல கயிறு சட்டத்தோட முடிச்சு போட்டிருக்கற மாதிரினு வச்சுக்குங்க. அந்த முடிச்ச அவுக்காம இந்தப் பக்கம் எவ்வளவு இழுத்தாலும் அந்தப் பக்கம் கன்னம் அசையாது. டீப் பிளேன்ல என்ன பண்றோம்னா ஸ்மாஸுக்கு அடியில போய் அந்த முடிச்சுகள விடுவிச்சுட்டு, தோலையும் ஸ்மாஸையும் ஒட்டினபடியே ஒரே துண்டா மேல கொண்டு போறோம். தோல் மேல இழுவை வராது, ரத்த ஓட்டமும் நல்லா இருக்கும். டல்லஸ்ல இருந்த சாம் ஹாம்ரா 1990லயே இந்தப் பேர்ல எழுதிட்டார், அதனால "லேட்டஸ்ட் டெக்னிக்"னு யாராச்சும் சொன்னா, அது உங்க பொண்ணு வயசுன்னு மனசுக்குள்ள சொல்லிக்குங்க.

அப்போ டீப் பிளேன்தானே பெஸ்ட்? இங்கதான் நான் கொஞ்சம் நிதானமா பேசணும், ஏன்னா என் கூட வேலை செய்யறவங்களே இதுல ஒத்துக்க மாட்டாங்க. 1996ல வெளியான ஒரு ஆய்வுல ஒரே ஆளோட முகத்துல ஒரு பக்கம் ஒரு முறை, இன்னொரு பக்கம் இன்னொரு முறைனு பண்ணிப் பாத்தாங்க, ஒரு வருஷம் கழிச்சு எந்தப் பக்கம் எதுன்னு வித்தியாசம் தெரியல. இன்னொண்ணு எனக்கு ரொம்ப பிடிச்சது. அமெரிக்கால ரெண்டு ஜோடி இரட்டையர்கள், அச்சு அசலா ஒரே முகம், நாலு பேருக்கும் நாலு பெரிய சர்ஜன்கள் நாலு விதமா பண்ணினாங்க, அதுல ஹாம்ராவும் ஒருத்தர். பத்து வருஷம் கழிச்சு போட்டோ எடுத்து 2009ல வெளியிட்டாங்க. நாலு பேருமே நல்லாத்தான் இருந்தாங்க, இந்த முறைதான் ஜெயிச்சுதுனு கைய நீட்ட முடியல. நாலே பேரு, அத வச்சு சட்டம் எழுத முடியாதுதான், ஆனா ஒவ்வொருத்தரும் தனக்கு கை வந்த முறைய பண்ணினாங்கங்கறத கவனிங்க.

என் அனுபவத்துல கன்னத்தோட நடுப்பகுதி கனமா இறங்கி மூக்கு ஓர மடிப்புக்கு மேல சதை குவிஞ்சிருக்கறவங்களுக்கு லிகமென்ட விடுவிக்காம சரியா வராது, அவங்களுக்கு டீப் பிளேனோ, இல்ல தோல தனியா பிரிச்சுட்டு ஸ்மாஸ மட்டும் கன்னம் வரைக்கும் விடுவிச்சு தூக்கற எக்ஸ்டெண்டட் ஸ்மாஸோ பண்றேன். முகம் ஏற்கனவே ஒல்லியா, கன்னம் ஒட்டி, தாடை ஓரத்துல மட்டும் தொங்கறவங்களுக்கு பிளிக்கேஷனே போதும், மடிக்கும்போது அந்த மடிப்பே கொஞ்சம் கன்னத்துக்கு சதை குடுக்கும், தேவைப்பட்டா வயித்துல இருந்து கொழுப்பு எடுத்து வைப்போம். இப்போ எடை குறைக்கற ஊசி போட்டு அஞ்சாறு மாசத்துல 15, 20 கிலோ எறங்கி வர்றவங்க நிறைய, அவங்க முகம் தொங்கறதுல பாதி கொழுப்பு போனதால. எடை ஒரே நிலைல நின்ன பிறகு வாங்கனு அனுப்பிருவேன், திட்டிக்கிட்டேதான் போவாங்க.

வீட்டுலயே ஒண்ணு பண்ணிப் பாக்கலாம். படுத்துக்கிட்டு கண்ணாடிய முகத்துக்கு மேல பிடிங்க. தொங்கினது பின்னாடி சரிஞ்சு ஓரளவு ஆபரேஷன் முடிஞ்சா எப்படி இருக்கும்னு தெரியும். அப்பவும் போகாம இருக்கே சுருக்கம், மேலுதட்டுக் கோடு, கண்ணுக்குக் கீழ கருவளையம், தோல்ல திட்டு, இதெல்லாம் எந்த ஃபேஸ்லிஃப்டும் எடுக்காது. எந்தப் பேர்ல பண்ணினாலும் எடுக்காது.

நூல் லிஃப்ட், அதாவது வெட்டாம தோலுக்கு அடியில நூல் கோத்து இழுக்கறது, அதப் பத்தி ஒரே வரி, பிடிஓ நூல் சில மாசத்துல கரைஞ்சு போற நூல், இறங்கின முகத்த அது தாங்காது, லேசா தளர ஆரம்பிச்சவங்க கொஞ்ச நாளைக்கு சந்தோஷப்பட்டுக்கலாம்.

இப்போ யாரும் ரீல்ஸ்ல பேசாத விஷயம். ஸ்மாஸுக்கு அடியிலதான் முகத்த அசைக்கற நரம்போட கிளைகள் ஓடுது. ஆழமா போகப் போக சர்ஜனுக்கு அந்த எடம் அத்துப்படியா தெரியணும். பெரும்பாலான பாதிப்பு தற்காலிகம்தான், சில வாரம், சில மாசத்துல திரும்பிரும், ஆனா அந்த மூணு மாசம் சிரிக்கும்போது உதடு ஒரு பக்கம் கோணினா வீட்ல நடக்கறத நான் பாத்திருக்கேன். அதவிட அடிக்கடி அடிபடறது காது மடலுக்கு உணர்ச்சி குடுக்கற நரம்பு, காது மரத்துப் போன மாதிரி இருக்கும், தோடு போடும்போது தெரியாது.

ஆனா நிஜமாவே என் தூக்கத்த கெடுக்கறது ரத்தக்கட்டு. நான் ஆரம்பிச்ச புதுசுல ஒரு ஐயா, 61 வயசு, கடை வச்சிருந்தவர், பிரஷர் மாத்திரை சாப்பிடறவர். வெறும் வயிறுனு சொன்னதால அன்னிக்கு காலைல மாத்திரையையும் விட்டுட்டார், நாங்களும் தனியா எடுத்துச் சொல்லல, அது எங்க தப்புதான். ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சு சாயங்காலம் ஏழு மணிக்கு பிரஷர் 180 தாண்டிருச்சு, எட்டு மணிக்கு "டாக்டர், இடது பக்கம் மட்டும் வெடிக்கற மாதிரி வலி"ன்னார். ஒரு பக்கமா வலியும் வீக்கமும் கூடினா அது எப்பவுமே ரத்தக்கட்டுதான்னு நினைச்சுக்கணும். கட்டு பிரிச்சுப் பாத்தா கன்னம் கல்லு மாதிரி, உடனே தியேட்டர் கொண்டு போய் தையல் பிரிச்சு ரத்தம் எடுத்து, கசியற எடத்த அடைச்சு, பதினோரு மணிக்குதான் வெளிய வந்தேன். அவர் நல்லா ஆயிட்டார். அன்னில இருந்து எந்த மாத்திரைய ஒரு வாய் தண்ணில சாப்பிடணும், எத நிறுத்தணும்னு மயக்க டாக்டர்கிட்ட எழுதி வாங்கி கைல குடுக்காம யாரையும் அனுப்பறதில்ல. ஆம்பளைங்களுக்கு தாடி வளர்ற தோல்ல ரத்த ஓட்டம் ஜாஸ்தி, அதனால இந்த ரிஸ்க் அவங்களுக்கு பொம்பளைங்களவிட அதிகம். இன்னொண்ணு, வெட்ட காதுக்கு உள்பக்கமா மறைச்சு வச்சா தாடி முடி காது மேல ஏறிக்கும், தினம் காதையும் ஷேவ் பண்ணணும், அதனால அவங்களுக்கு வெட்டே வேற எடத்துல.

சிகரெட் புடிக்கறவங்க குறைஞ்சது நாலு வாரம் முன்னாடியும் அதுக்கு அப்புறமும் விடணும், இல்லனா காதுக்குப் பின்னாடி தோல் கறுத்து செத்துப் போகும். ஆஸ்பிரின், மீன் எண்ணெய் கேப்ஸ்யூல், பூண்டு மாத்திரை எல்லாம் கேட்டு வாங்கி எழுதிக்குவேன், சித்த மருந்து சாப்பிடறத மட்டும் நம்ம ஆளுங்க சொல்லவே மாட்டாங்க, மூணாவது தடவ கேட்டாதான் வரும். இதய டாக்டர் எழுதிக் குடுத்த ரத்தம் உறையாம இருக்கற மாத்திரைய மட்டும் நீங்களா நிறுத்திராதீங்க.

தழும்பு. நம்ம தோல்ல தழும்பு தடிக்கற, கறுக்கற சான்ஸ் கொஞ்சம் அதிகம், காது குத்தின எடத்துல கட்டி மாதிரி வளர்ந்தவங்க அத மறைக்காம சொல்லணும். அப்புறம் நீங்க தலைய எப்படி வாருவீங்கங்கறத சர்ஜன்கிட்ட காட்டுங்க. வெளிநாட்டு வீடியோல முடிய விரிச்சு விட்டு காத மூடிக்குவாங்க, நம்ம ஊர்ல இழுத்து வாரி கொண்டையோ ஜடையோ போட்டு பூ வைக்கறோம், காதுக்கு முன்னாடியும் பின்னாடி முடி ஓரமும் எல்லாருக்கும் தெரியும். வெட்டு எங்க போகணும்னு முடிவு பண்றதே அத வச்சுதான். தோலுக்கு இழுவை குடுத்து தைச்சா காது மடல் கீழ இழுபட்டு கன்னத்தோட ஒட்டின மாதிரி ஆயிரும், எத்தனை ஜிமிக்கி போட்டாலும் மறையாது.

பொண்ணுக்கு தை மாசம் கல்யாணம்னு கார்த்திகைல வராதீங்க. தையல் பிரிக்க பத்து நாள், வெளிய போற மாதிரி ஆக ரெண்டு மூணு வாரம், ஆனா வீடியோக்காரர் முகத்துக்கு நேரா லைட் அடிக்கற அளவுக்கு மூணு மாசமாவது வேணும்.

காசு விஷயம், அழகுக்காகப் பண்றதுக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது, மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு, பேக்கேஜ்ல அது சேந்திருக்கானு கேளுங்க. பண்ணப் போறவர் எம்.சிஎச் இல்ல டிஎன்பி பிளாஸ்டிக் சர்ஜரி படிச்சவரானு தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில் பதிவுல பாத்துக்குங்க. கேக்க வெக்கப்படாதீங்க: இந்த முறைல நீங்க எத்தனை பண்ணிருக்கீங்க, ஒரு வருஷம் கழிச்சு எடுத்த போட்டோ, சைடு போஸ்ல, காது தெரியற மாதிரி இருக்கா, ராத்திரி ரத்தம் கட்டினா யார் வருவா? கடைசி கேள்விக்கு "அதெல்லாம் வராதுங்க"னு பதில் வந்தா செருப்ப போட்டுக்கிட்டு கெளம்பிருங்க.

அந்த டீச்சரம்மாகிட்ட, உங்களுக்கு தாடைக்கு அடியில சின்னதா வெட்டி கழுத்துத் தசைய நடுவுல சேத்து தைக்கணும், கன்னத்துக்கு ஸ்மாஸ் பிளிக்கேஷனே போதும்னு சொன்னேன். மூஞ்சி சுருங்கிருச்சு. "அப்போ டீப் பிளேன் வேண்டாமா?"னு ரெண்டு தடவ கேட்டுட்டு, "இன்னொரு எடத்துலயும் கேட்டுக்கறேங்க டாக்டர்"னு போயிட்டாங்க, நானும் கண்டிப்பா கேளுங்கம்மானுதான் சொன்னேன். சென்னைல வேற ஒரு சர்ஜன்கிட்ட பண்ணிக்கிட்டாங்க, கழுத்தும் பிளிக்கேஷனும்தான். இந்தப் பங்குனில ஒரு கல்யாணத்துல எடுத்த போட்டோவ வாட்ஸ்அப்ல அனுப்பிருந்தாங்க, கொண்டை, மல்லிப்பூ, வேணும்னே காது தெரியற மாதிரி லேசா திரும்பி நின்னுக்கிட்டு. நான் ஸூம் பண்ணி தழும்ப தேடினேன், தோடுக்கு மேல ஒரு கோடு மாதிரி இருந்துச்சு, அதுவும் நிழலா இருக்கலாம்.