உடுமலைக்குக் காற்று எங்கிருந்து வருகிறது?

உடுமலைப்பேட்டைக்கு நேர் உச்சியில் சூரியன் வருடத்துக்கு இரண்டு முறை வருகிறது. ஊர் ஏறத்தாழ 10.6 பாகை வடக்கு அட்சரேகையில் இருப்பதால் ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் ஒருமுறை, ஆகஸ்ட் கடைசி வாரத்தில் இன்னொருமுறை. அந்த உச்சிவேளையில் நட்டுவைத்த குச்சிக்கு நிழலே விழாது. இரண்டு முறையும் சூரியன் அதேதான், கோணமும் அதேதான். ஆனாலும் சித்திரையில் தளி ரோட்டில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. ஆவணியில் அதே ரோட்டில் பறக்கிற வேட்டியைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும்.

மேகம் ஒரு காரணம். ஆனால் பெரிய காரணம் மேற்கே, பாலக்காட்டுக் கணவாயில் இருக்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் 1,600 கி.மீ. நீளத்துக்கு அரபிக்கடல் காற்றை மறித்து நிற்கிறது. வடக்கே நீலகிரியில் தொட்டபெட்டா 2,637 மீட்டர். தெற்கே ஆனைமலைத் தொகுதியில் ஆனைமுடி 2,695 மீட்டர். இந்த இரண்டுக்கும் நடுவில் 30, 40 கி.மீ. அகலத்துக்கு மலை அப்படியே தாழ்ந்துபோகிறது. இதுதான் பாலக்காட்டுக் கணவாய். அதன் அடிமட்டம் பல இடங்களில் 300 மீட்டர்கூட இல்லை.

தென்மேற்குப் பருவக்காற்று மலையில் மோதினால் மேலே ஏறித்தான் ஆக வேண்டும். ஏற ஏற அழுத்தம் குறையும், காற்று விரியும், விரிந்தால் குளிரும். ஒரு கட்டத்தில் ஈரம் மேகமாகி மழையாகக் கொட்டிவிடும். வால்பாறைப் பக்கம் ஆண்டுக்கு 3,000 மி.மீ.க்கு மேல் பெய்யும் இடங்கள் இருப்பது இதனால்தான். ஏறும்போது நீராவி திரவமாகி வெப்பத்தை வெளிவிடுவதால் மேகத்துக்குள் கி.மீ.க்கு ஏறத்தாழ 6 டிகிரிதான் குளிர்கிறது. ஈரம் போன பிறகு இந்தப் பக்கம் இறங்கும்போதோ கி.மீ.க்கு 10 டிகிரி சூடாகிறது. அப்படியானால் மலை தாண்டி வரும் காற்று காய்ந்து, வெதுவெதுப்பாகத்தான் நம்மிடம் வந்துசேர வேண்டும். கணவாய் வழியாக வரும் காற்றுக்கு இந்த ஏற்ற இறக்கமே இல்லை. கடலின் குளுமையில் ஒரு பங்கை வைத்துக்கொண்டே கிழக்கே வந்துவிடுகிறது.

சரி, அது ஏன் இவ்வளவு வேகமாக வருகிறது? தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் பீய்ச்சி அடிப்பது போல என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. அப்படி மட்டும் என்றால் கணவாயின் மிகக் குறுகலான இடத்தில்தான் வேகம் உச்சத்தில் இருக்க வேண்டும். ஆனால் உலகத்தில் இப்படிப்பட்ட இடைவெளிகள் பலவற்றில் காற்று வெளிவாயில்தான் கூடுதல் வேகம் எடுக்கிறது. மலைக்கு மேற்கே தேங்கி நிற்கும் காற்றில் அழுத்தம் அதிகம். வெயிலில் காய்ந்த கொங்குச் சமவெளியில் அழுத்தம் குறைவு. திறந்த வெளியாக இருந்தால் பூமியின் சுழற்சி காற்றைப் பக்கவாட்டில் திருப்பியிருக்கும். இங்கே இரண்டு பக்கமும் மலைச்சுவர் இருப்பதால் அதற்கு வழியில்லை. அழுத்தம் குறைந்த பக்கமாக நேரே ஓடுகிறது, ஓட ஓட வேகம் கூடுகிறது.

பொள்ளாச்சியைத் தாண்டி உடுமலை, பல்லடம் பக்கமெல்லாம் மின்சாரம் எடுக்கும் காத்தாடிகள் வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் வேகம் இரட்டித்தால் அதில் இருக்கும் ஆற்றல் எட்டு மடங்காகும். அதனால் ஆடி மாதம் அவற்றுக்கு அறுவடைக் காலம்.

நம் உடம்புக்கு இந்தக் காற்று செய்வது வேறு. தோலின் வெப்பம் சுமார் 34 டிகிரி. அதை ஒட்டி எப்போதும் மெல்லிய சூடான காற்றுப்படலம் ஒன்று இருக்கும். காற்று அடித்தால் அது கலைகிறது, வியர்வையும் சட்டென்று காய்கிறது. ஒரு கிராம் வியர்வை ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். அதில் பெரும்பங்கு நம் தோலிலிருந்துதான் போகிறது. கடற்கரை ஊர்களில் ஈரம் கூடுதலாக இருப்பதால் வியர்வை வழிந்துகொண்டே இருக்கும், காயாது. ஆகவே 32 டிகிரி என்ற ஒரே எண் சென்னையில் புழுக்கம், உடுமலையில் சுகம். வெப்பமானியை மட்டும் பார்த்து ஓர் ஊர் வாழ ஏற்றதா என்று முடிவு செய்வது தவறு என்றே நினைக்கிறேன்.

இதற்கு நாம் கொடுக்கும் விலை மழை. உயர ஏறாத காற்று ஈரத்தை எளிதில் விடாது. பொள்ளாச்சிப் பக்கம் சாரல் தூவிவிட்டுக் கிளம்பிவிடும். கோவையில் ஆண்டு மழையே 700 மி.மீ.யைச் சுற்றித்தான், அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில். ஆனைமலையில் பெய்து மேற்கே ஓடும் தண்ணீரை 1960-களில் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம் கிழக்கே திருப்பியிராவிட்டால், இதமான காற்று இருந்தும் தென்னந்தோப்புகள் இந்த அளவுக்கு இருந்திருக்காது.

சைக்கிள் மிதிப்பவர்கள் ஆடியில் ஒரு கணக்கைத் தெரிந்துகொண்டால் நல்லது. மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள், எதிரே 20 கி.மீ. வேகத்தில் காற்று. உடம்பில் மோதும் வேகம் 35. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே காற்றில்லாத நாளைவிட ஐந்து மடங்குக்கும் மேல். எனவே காலையில் முதலில் பொள்ளாச்சிப் பக்கம் மிதியுங்கள், திரும்பும்போது காற்றே தள்ளிவிடும். விடிகாலையில் காற்று குறைவாக இருப்பதற்கும் காரணம் உண்டு. பகலில் சூடான தரையிலிருந்து காற்று மேலெழ, உயரத்தில் ஓடும் வேகக் காற்று கீழே இறங்கிக் கலக்கிறது. இரவில் தரை குளிர்ந்ததும் அந்தக் கலப்பு நின்றுபோகும். தெருவில் வேப்பிலை அசையாத நேரத்திலும் தூரத்தில் காத்தாடியின் இறக்கை சுற்றிக்கொண்டிருப்பது அதனால்தான். ஐந்து கிராம் எடையுள்ள இறகுப்பந்தை மைதானத்தில் ஆடுவதானாலும் அந்த நேரம்தான் சரி.

அப்புறம் வீடு. மேற்கே ஜன்னல் வைத்தால் ஆனியிலிருந்து ஆவணி வரை காற்று வரும், ஆனால் பங்குனி, சித்திரையில் மாலை வெயிலும் உள்ளே வரும். வெயிலுக்குப் பயந்து பலரும் மேற்குச் சுவரை முழுக்க அடைத்துவிட்டு ஏசி மாட்டுகிறார்கள். எனக்கு இது பெரிய வருத்தம். மாலைச் சூரியன் தாழ்வாக இருப்பதால் மேலே நீட்டிய சன்ஷேடு அதைத் தடுக்காது. ஜன்னலை ஒட்டிச் செங்குத்தாக, சற்றுக் கோணலாகத் திருப்பி நிறுத்திய பலகைகள் தடுக்கும். வாசலுக்குச் சற்றுத் தள்ளி நாலு தென்னை இருந்தால் இன்னும் நல்லது. மட்டை மேலே வெயிலைத் தாங்கிக்கொள்ளும், கீழே வெறும் மரம்தான் என்பதால் காற்று தடையில்லாமல் வரும். ஆனால் உள்ளே வந்த காற்று வெளியேற வழி வேண்டும். கிழக்குச் சுவரிலும் ஒரு திறப்பு இல்லாவிட்டால், மேற்கு ஜன்னல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் காற்று வாசலோடு நின்றுவிடும். அதேபோல் புது மனைப்பிரிவுகளில் மேற்குப் பக்கம் ஆளுயரத்துக்கு மேல் எழுப்பும் திண்ணமான காம்பவுண்டுச் சுவர் தன் உயரத்தைப் போலப் பல மடங்கு தூரத்துக்குப் பின்னால் காற்றைக் குறைத்துவிடும். அங்கே இடைவெளி விட்ட கம்பிவேலியோ உயிர்வேலியோ போதும்.