ஷிஷின்னா என்ன? நம்ம ஊர் பிலுக்குதான்

காரைக்கால்ல சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன், பாரிஸ்லேருந்து லீவுல வந்திருந்த மாமாவுக்கு சித்தி புது பீங்கான் தட்டு, மடிச்சு வச்ச நாப்கின்னு எடுத்து வைக்கவும் அவரு "ஷிஷியெல்லாம் வேணாம்மா, ஒரு இலையப் போடு"ன்னாரு. 1739-லேருந்து 1954 வரைக்கும், நடுவுல வெள்ளைக்காரங்க பிடிச்சு வச்சிருந்த சில வருஷம் போக, பிரெஞ்சுக்காரங்க கையில இருந்த ஊரு அது, அதனால இப்படி ஒரு சொல்லு அங்க சாப்பாட்டுப் பேச்சுலயே வந்துடுது.

இங்கிலீஷ்காரங்களும் இத பிரெஞ்சுலேருந்து எடுத்துக்கிட்டாங்க. தேவையில்லாத ஜோடனை, நாகரிகம் காட்டணும்னே பண்ற அலங்காரம், அதான் ஷிஷி. பிரெஞ்சு அகராதியில இதுக்குப் பழைய பொருள் ஒண்ணு இருக்கு, தலையில வச்சுக்கிற பொய்முடிச் சுருள். நம்ம சவுரிமுடிதான்! இல்லாத அடர்த்திய இருக்கிற மாதிரி காட்டுறது, அந்தச் சொல்லோட மொத்த குணமும் இதுலயே இருக்கு பாருங்க.

இத நம்ம சீச்சீயோட குழப்பிக்கக் கூடாது. வெள்ளைக்காரங்க ஆட்சியில ஆங்கிலோ இந்தியர்களையும் அவங்க பேசுற இங்கிலீஷையும் மட்டந்தட்ட "சீ-சீ"ன்னு ஒரு சொல்லு இருந்துச்சு, இந்தியாவுல வெள்ளைக்காரங்க புழங்கின சொற்களுக்கு 1886-ல வந்த ஹாப்சன் ஜாப்சன் அகராதியில அது இருக்கு, அந்த அகராதிய ஹென்றி யூல்ங்கிறவரோட சேர்ந்து தொகுத்த பர்னெல் நம்ம தஞ்சாவூர்ல ஜட்ஜா இருந்தவரு, சரஸ்வதி மகால் சமஸ்கிருதச் சுவடிகளுக்குப் பட்டியல் போட்டவரு. அந்த சீ-சீ ஒரு வசவு, இதோட அதுக்கு ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது.

சரி, தமிழ்ல என்ன சொல்றது? ஆடம்பரம்னா காசு செலவு தெரியும், பந்தான்னா அதிகாரம் தெரியும், ரெண்டும் இதுக்குப் பொருந்தல. பிரெஞ்சுல ஷிஷி பண்றதுன்னு ஒரு வழக்கு இருக்கு, சும்மா அலட்டிக்கிறது, சாப்பிட வாங்கன்னா பத்து தடவ கூப்பிட வைக்கிறது. அதுக்கு நம்ம பக்கம் பிகு பண்றதுன்னு அழகா சொல்லுவாங்க, ஆனா அது ஆளுக்குத்தான் ஆகும், பொருளுக்கு ஆகாது. கும்பகோணத்துல டவரா டம்ளர்ல ஆத்திக் குடிக்கிற காபிய கண்ணாடி ஜாடியில ஊத்தி, மரப்பலகையில வச்சு, பக்கத்துல ஒரு பூவும் வச்சுக் குடுத்தா அத என்னன்னு சொல்லுவீங்க? எங்க அப்பாயி ஒரே வார்த்தையில முடிச்சிடும், "பிலுக்கு".

ஆளுக்கும் சரி, சேலைக்கும் சரி, எழுத்து நடைக்கும் சரி, பிலுக்கு எல்லாத்துக்கும் நிக்குது. கட்டுரையில எழுத கொஞ்சம் கனமா வேணும்னா போலிப்பகட்டுன்னு போடலாம், அந்தப் பொய்முடியும் அதுக்குள்ளயே வந்துடுது.